சீட்டுக் காசும் பூச்சிய வட்டியும்

1995ஆம் ஆண்டு ஒக்டோபரில் பிரான்சில் ஒரு புதிய கடன் நடைமுறைக்கு வந்தது. வீடு வாங்குகிறவரின் வருமானம் ஒரு வரம்புக்குள் இருந்தால், வீட்டுக்கான செலவில் ஒரு பங்கு அவருக்கு வட்டியே இல்லாமல் கிடைக்கும். 1977இல் தொடங்கிய பழைய அரச உதவிக் கடனை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் இதைக் கொண்டுவந்தார்கள். வங்கிகள் வீட்டுக் கடனுக்கு 8 வீதமளவில் வட்டி வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. சின்னச் சம்பளக்காரர் ஒருவருக்கு இப்படியொரு கடன் கிடைப்பது வாழ்க்கையையே மாற்றக்கூடிய விஷயம்.

பாரிசில் நம்மவர்கள் கூடும் லா சப்பலில் அந்தச் செய்தி யாருடைய காதிலும் விழவில்லை. அதே ஒக்டோபர் 17ஆம் திகதி இலங்கை இராணுவம் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் 'ரிவிரெச' நடவடிக்கையைத் தொடங்கியது. 30ஆம் திகதி இரவு, கிழவரும் குழந்தைகளும் கர்ப்பிணிகளுமாக, வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. இங்கே போபூர் சன்-தெனி வீதியில் தொலைபேசிக் கடை வாசல்களில் நாங்கள் நின்றோம். ஊரில் தொலைபேசி இல்லை. கொழும்பில் யாராவது சொந்தக்காரரை எடுத்து, அவர்கள் வவுனியாவில் யாரிடமாவது கேட்டு, ஒரு பெயர், ஓர் இடம் தெரிந்தால் போதும் என்று நின்றோம். அம்மா அப்பா வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு எந்தக் கோயில் மண்டபத்தில் படுத்திருக்கிறார்களோ என்று தெரியாத பிள்ளைக்கு, பிரான்சில் வீடு வாங்குவதைப் பற்றி யோசிக்கவே கூசும். அப்படி யோசித்தவனை அன்றைக்கு நாங்களே ஏசியிருப்போம்.

இன்னொன்றும் உண்டு. போர் முடிந்தால் ஊருக்குப் போய்விடுவோம் என்றுதான் எல்லோரும் நம்பினோம். அந்த நம்பிக்கை பொய்யானதல்ல, அதுதான் அடுத்த நாள் வேலைக்கு எழும்ப வைத்தது. ஆனால் கடன் எழுதிக் கொடுத்து இருபது வருடத்துக்கு இந்த மண்ணில் காலூன்றுவதற்கு அது இடம் விடவில்லை.

அப்போது எங்களுடைய இருப்பிடம் பெர்தோனே வீதிக்குப் பக்கத்தில் ஆறாம் மாடியில் ஓர் அறை. லிஃப்ட் இல்லை. கழிப்பறை நடைபாதையின் கடைசியில், அந்த மாடி முழுவதற்கும் பொதுவாக ஒன்று. ஏழெட்டுப் பேர் படுப்போம். இரவு வேலை முடித்து வருகிறவனுக்காகக் காலை வேலைக்காரன் மெத்தையை விட்டு எழும்புவான், மெத்தை ஆறுவதேயில்லை. ஏறக்குறைய எல்லோரும் உணவகங்களில் கோப்பை கழுவினோம். இரண்டொருவர் குசினியில் கொஞ்சம் மேலே ஏறிச் சலாத் போடுகிறவராகவும் சமையற்காரராகவும் ஆனார்கள்.

பணம் தேவைப்பட்டால் சீட்டு. அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பிரான்சில் நம்மவர்களின் முதல் வங்கி அதுதான். 20 பேர், மாதம் ஆளுக்கு 1,000 பிராங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 20,000. முதல் மாதச் சீட்டு அதை நடத்துகிற தாச்சிக்கு. இரண்டாம் மாதத்திலிருந்து ஏலம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தாச்சியின் அறையில் தேத்தண்ணீரோடு கூடியிருப்போம். "இரண்டாயிரம்" என்பான் ஒருவன். "மூண்டு." "மூண்டரை." தங்கச்சியின் கலியாணம் நெருங்கியவன், கொழும்பில் தம்பியை ஏஜென்சிக்காரனிடம் ஒப்படைத்துவிட்டு நிற்பவன், பேசாமல் இருந்துவிட்டு ஒரேயடியாக "ஐயாயிரம்" என்று சொல்லுவான். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். 5,000 கழிவு போக அவன் கையில் 15,000. கழிவுக் காசு இன்னும் சீட்டு எடுக்காதவர்களுக்குள் பிரிக்கப்படும். எடுத்தவனுக்கு இனிக் கழிவில் பங்கு கிடையாது, கடைசி மாதம் வரை முழு ஆயிரமும் கட்ட வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். இரண்டாம் மாதம் 15,000 எடுத்தவன் அதுவரை 2,000 கட்டியிருப்பான். அவனுக்கு உண்மையில் வந்த கடன் 13,000. இனி 18 மாதத்தில் 18,000 கட்டப்போகிறான். மாதத்துக்கு மூன்றரை வீதத்துக்கு மேல் வட்டி, வருடத்துக்கு 40 வீதத்தைத் தாண்டும். வங்கி எட்டு வாங்கியது. அரசு பூச்சியம் என்றது. நாங்கள் எங்களுக்குள்ளேயே நாற்பது கொடுத்தோம்.

சீட்டை நான் குறை சொல்லமாட்டேன். அது காகிதம் கேட்கவில்லை, பிரெஞ்சு கேட்கவில்லை, விசா கேட்கவில்லை. இன்னாருடைய மகன், இன்ன ஊர், இன்னாரோடு அறையில் இருக்கிறான், அது போதும். எத்தனையோ பேர் உயிரோடு இங்கு வந்து சேர்ந்தது அந்தக் காசில்தான். சீட்டு முறிந்து தாச்சி தலைமறைவான கதைகளும் ஏராளம். அப்போது பொலிசுக்கும் போக முடியாது, ஏனென்றால் எழுத்தில் எதுவும் இல்லை. எழுத்தில் எதுவும் இல்லாததுதான் அதன் பலமும் ஆபத்தும்.

அரசின் கடன் மட்டும் ஏன் எங்களிடம் வரவில்லை? போரும் மொழியும் பாதிக் காரணம். மீதிப் பாதியை இப்போது இளையவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பூச்சிய வட்டிக் கடன் தனியாக நிற்கும் கடன் அல்ல. அதை வங்கிதான் கொடுக்கிறது, வங்கி இழக்கும் வட்டியை அரசு ஈடுசெய்கிறது. வீட்டின் முழு விலைக்கும் அது கிடைக்காது. வங்கியின் சாதாரணக் கடன் ஒன்று முதலில் இருக்க வேண்டும், அதன் பக்கத்தில்தான் இது வந்து அமரும். அந்த முதற்கடனைத் தருவதற்கு வங்கி கேட்பது சம்பளச் சிட்டை. நிரந்தர வேலை ஒப்பந்தம். கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கு.

எங்களில் பலருடைய சம்பளச் சிட்டையில் அரை நாள் வேலைதான் இருந்தது. மற்ற அரை நாளும், அதற்குப் பிறகு நள்ளிரவு வரையும், முதலாளி கையில் காசாகக் கொடுத்தார். கறுப்பில் வேலை என்று சொல்லுவோம். அன்றைக்கு அது இலாபமாகத் தெரிந்தது, வரி இல்லை, உடனே ஊருக்கு அனுப்பலாம். ஆனால் வங்கி மேசையில் அந்தக் காசு காசே அல்ல. ஓய்வூதியக் கணக்கிலும் அல்ல, வேலை போனால் கிடைக்கும் உதவியிலும் அல்ல. பன்னிரண்டு மணிநேரம் உழைத்தவன் காகிதத்தில் நாலு மணிநேர மனிதனாக இருந்தான். என்னைக் கேட்டால், அந்தக் காலத்தில் லா சப்பலைச் சுற்றியிருந்த எத்தனையோ குடும்பங்களின் வீட்டைப் பறித்தது கறுப்புச் சம்பளம்தான். குறைந்த வருமானக்காரர் கடனைத் திருப்பிக் கட்டாவிட்டால் வங்கிக்கு ஏற்படும் நட்டத்துக்குப் பிணை நிற்க 1993இலேயே அரசு ஒரு நிதியத்தை அமைத்திருந்தது. பிணை நிற்க அரசு இருந்தது. யாருக்குப் பிணை நிற்பது என்று காட்டுவதற்கு எங்களிடம் காகிதம் இல்லை.

இந்தக் கடனின் நிபந்தனைகளில் குடியுரிமை இல்லை என்பதையும் நம்மவர்கள் பலர் மிகவும் பிந்தித்தான் அறிந்தார்கள். பத்து வருட வதிவிட அட்டை வைத்திருந்த ஒருவர், பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வந்த பிறகுதான் கேட்கலாம் என்று காத்திருந்து, அதற்குள் ஐம்பது வயதைத் தாண்டிவிட்டார். 25 வருடக் கடனுக்கு அந்த வயதில் காப்புறுதி எடுப்பது லேசல்ல, அதுவும் சீனி வருத்தம் இருந்தால்.

இனி இன்றைக்கு வருகிறேன். என் தம்பியின் மகள், என் பெறாமகள், உவாஸ் மாவட்டத்தில் க்ரெபி-ஆன்-வலுவாவுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் வீடு வாங்கியிருக்கிறாள். கார் து நோரில் நேரடி வண்டி எடுத்தால் க்ரெபிக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அங்கிருந்து காரில் போக வேண்டும். இருபக்கமும் கோதுமை, பீட்ரூட், திரும்பவும் பீட்ரூட். ஒரு தேவாலயம், ஒரு நகரசபைக் கட்டடம், இரண்டு வகுப்பறைப் பள்ளிக்கூடம். கடை இல்லை.

"ஏன் பிள்ளை இவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"பெரியப்பா, பாரிசுக்குக் கிட்ட இந்தக் காசுக்கு ஒரு அறைதான் வரும். இஞ்ச நாலு அறையும் வளவும். பழைய வீட்டைத் திருத்தினா வட்டியில்லாக் கடனும் வரும்."

அவள் சொன்னதில் ஒரு நாட்டின் கொள்கையே அடங்கியிருக்கிறது. வீட்டு நெருக்கடியின் அளவை வைத்து பிரான்சை அரசு வலயங்களாகப் பிரித்திருக்கிறது. பாரிசும் அதன் சுற்றுப்புறமும் ஒரு கோடியில், பே-2, சே என்ற எழுத்துக்களுடைய சின்ன ஊர்களும் கிராமங்களும் மறுகோடியில். கிராமங்களில் வெறுமையாகக் கிடக்கும் பழைய வீடுகளுக்கு உயிர் கொடுக்க வேண்டும் என்று 2015இல் சுமார் 6,000 கிராமப் பிரதேசங்களில், திருத்த வேலையோடு வாங்கும் பழைய வீட்டுக்குப் பூச்சிய வட்டிக் கடனைத் திறந்தார்கள். அடுத்த வருடம் அதை நாடு முழுவதற்கும் விரித்தார்கள், 2018இல் திரும்பவும் பே-2, சே வலயங்களுக்குச் சுருக்கினார்கள். புதிதாகக் கட்டும் வீட்டுக்கும் இதே இழுபறிதான். வயல்களைச் சீமெந்தாக்குகிறது என்று 2024இல் தனி வீடுகளை நீக்கினார்கள். கட்டடத் தொழில் படுத்துவிட்டது என்று 2025 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து நாடு முழுவதும் திரும்பச் சேர்த்தார்கள். இப்போதுள்ள சட்டப்படி 2027 டிசம்பர் கடைசி வரை இந்தக் கடன் இருக்கும். விதி இப்படி மாறிக்கொண்டே இருப்பதால், யாரோ மூன்று வருடத்துக்கு முன் சொன்னதை நம்பி முடிவெடுக்கவே கூடாது.

கிராமத்தில் வீடு வாங்க அரசு கைகொடுப்பது பிரான்சில் மட்டும் நடக்கும் காரியம் அல்ல. அமெரிக்காவில் 1949ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்திலிருந்தே கிராமத்து வீட்டுக் கடனை அவர்களுடைய விவசாயத் திணைக்களம் கவனித்து வருகிறது. சந்தையை அதன்பாட்டில் விட்டால் வங்கியும் கடையும் பள்ளிக்கூடமும் பட்டணத்துக்குப் போய்விடும் என்பது எல்லா நாட்டுக்கும் தெரிந்ததுதான்.

பெறாமகளின் கணக்கை அவளுடைய சம்மதத்தோடு சொல்கிறேன். வீடு 150,000 யூரோ. பழைய வீடென்றால் திருத்த வேலை மொத்தச் செலவில் குறைந்தது 25 வீதமாக இருக்க வேண்டும், ஆகவே வேலைக்கு 50,000. இரண்டும் சேர்ந்து 200,000. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு சே வலயத்தில் வருமான வரம்பு 59,850 யூரோ. அதுவும் இந்த வருட வருமானம் அல்ல, இரண்டு வருடத்துக்கு முந்திய வரிப் பத்திரத்தில் உள்ள தொகை. குறைந்த வருமானப் படியில் உள்ளவர்களுக்குச் செலவில் பாதி வரைக்கும், மேற்படியில் உள்ளவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கும் கிடைக்கும். இவளுக்குக் கிடைத்தது 80,000. அதே 80,000ஐ மூன்றரை வீத வட்டியில் 25 வருடத்துக்கு எடுத்தால் வட்டி மட்டும் 40,000 யூரோவைத் தாண்டும். நாற்பதாயிரம் யூரோ! அவளுடைய அப்பா கோப்பை கழுவிய காலத்துப் பிராங்கில் இரண்டரை இலட்சத்துக்கு மேல்.

வங்கிக்கு நானும் கூடப் போனேன். எந்த வங்கி என்பது முக்கியமல்ல. எதிரே இருந்தது ஓர் இளம் பெண். பெறாமகள் நீல நிறக் கோப்பு ஒன்றைத் திறந்தாள். சம்பளச் சிட்டைகள் மாதவாரியாக, வரிப் பத்திரங்கள், வாடகைப் பற்றுச்சீட்டுகள், திருத்த வேலைக்கு எடுத்த மதிப்பீடுகள் ஒவ்வொன்றும் பிளாஸ்ரிக் உறைக்குள். அந்தப் பெண் ஒன்றொன்றாகப் புரட்டினாள். இரண்டு பேரும் பேசிய பிரெஞ்சில் எனக்குப் பாதிதான் பிடிபட்டது, பேசிய தொனி முழுவதும் பிடிபட்டது. கெஞ்சல் இல்லை. இவள் கேள்வி கேட்கிறாள், அவள் பதில் சொல்கிறாள். தவணையும் காப்புறுதியும் சேர்ந்து வருமானத்தில் 35 வீதத்தைத் தாண்டக்கூடாது, கடன்காலம் 25 வருடத்தைத் தாண்டக்கூடாது. இது 2022 ஜனவரியிலிருந்து வங்கிகளைக் கட்டுப்படுத்தும் விதி. இவளுடையது 31இல் நின்றது.

காப்புறுதி என்றதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது, மருமகனுக்குச் சின்ன வயதிலேயே சீனி வருத்தம். அந்தப் பெண் உடல்நலம் பற்றிய கேள்விப் பத்திரத்தை எடுக்கவேயில்லை. 2022இல் வந்த லெமுவான் சட்டத்தின்படி, ஆளுக்கு 200,000 யூரோவுக்கு மேற்படாத கடன், 60 வயது ஆவதற்கு முன் முடிகிறதென்றால், வருத்தம் பற்றிக் கேட்கவே கூடாது. எங்கள் தலைமுறையில் எத்தனை பேரை அந்தக் கேள்விப் பத்திரம் திருப்பி அனுப்பியது என்பது எனக்குத் தெரியும். வெளியே வந்து அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அதன்பிறகு நொத்தாரிசு. பழைய வீடென்றால் உறுதி முடிப்பதற்கான செலவு விலையில் ஏழெட்டு வீதம், அதை ரொக்கமாகத்தான் வைக்க வேண்டியிருந்தது. அதற்குத்தான் கடைசியில் சீட்டு வந்தது! தம்பியும் மனைவியும் கட்டி வந்த சீட்டைக் கடைசி மாதம்வரை விட்டு வைத்து, கழிவில்லாமல் முழுத்தொகையாக எடுத்து மகளுக்குக் கொடுத்தார்கள். பெற்றோரின் அன்பளிப்பு என்று முறையாக எழுதி, வரித் திணைக்களத்துக்கு அறிவித்துக் கொடுத்தார்கள். சீட்டுக் காசும் அரசுக் கடனும் ஒரே வீட்டின் சுவரில் சேர்ந்ததை நான் மனம் நிறைந்து பார்த்தேன்.

ஆனால் கிராமத்து வீடு படத்தில் காட்டுவது போல வருவதில்லை. விற்றவர் ஒரு முதிய அம்மாவின் பிள்ளைகள். குசினிச் சுவரில் கைவைத்தால் ஈரம், விரலோடு வெள்ளைத் தூள் வந்தது. வளவுக்குள் எண்ணெய்த் தாங்கி, நிலவறையில் எண்ணெய்க் கொதிகலன். 2022 ஜூலையிலிருந்து புதிதாக எண்ணெய்க் கொதிகலன் பூட்ட முடியாது என்பதால் அது பழுதானால் வேறு முறைக்குத்தான் மாற வேண்டும். கழிவுநீர்க் குழாய் ஊருக்கே இல்லை, வீட்டுக்கு வீடு மலக்குழி. விற்பனையின்போது அதைப் பரிசோதித்த அறிக்கை கொடுக்க வேண்டும். விதிக்கு ஒத்ததாக இல்லையென்றால் வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் சரிசெய்ய வேண்டும். இந்த வரியை அவள் கையெழுத்துக்கு முன்பே வாசித்துவிட்டாள், அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லிக் கேட்டாள், குறைத்தார்கள். திருத்த வேலையை மூன்று வருடத்துக்குள் முடிக்க வேண்டும். மதிப்பீடும் பற்றுச்சீட்டும் பத்திரமாக இருக்க வேண்டும், தெரிந்த பெடியனைக் கொண்டு கையில் காசு கொடுத்துச் செய்விக்கலாம் என்ற எண்ணத்துக்கே இங்கு இடமில்லை.

தூரத்துக்கும் விலை உண்டு. உவாஸ் இல்-து-பிரான்சுக்கு வெளியே. பாரிஸ்காரரின் மாதாந்தப் பயண அட்டை அங்கே செல்லாது, வேறு அட்டை, அதிக விலை. முதலாளி பாதியைத் திருப்பித் தருகிறார் என்பது ஓர் ஆறுதல். இரண்டு பேருக்கும் இரண்டு கார் வேண்டும். 2018 நவம்பர் 17ஆம் திகதி மஞ்சள் அங்கிக்காரர் நாடெங்கும் சந்திகளில் இறங்கியபோது, டீசல் விலையில் சில சதத்துக்கு ஏன் இவ்வளவு ஆவேசம் என்று லா சப்பலில் நம்மவர் சிலர் கேட்டார்கள். மெட்ரோவில் போய்வருகிறவருக்கு அது விளங்காது. வீட்டு விலைக்குப் பயந்து பட்டணத்தை விட்டு வெளியேறி, காரில்லாமல் பாணும் வாங்க முடியாத இடத்தில் கடன் கட்டிக்கொண்டிருந்தவர்கள் பலர் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள். இப்போது என் பெறாமகளும் அந்த வகைக் குடும்பம்தான். அவள் மாதக் கணக்கில் எரிபொருளுக்கு ஒரு வரி எழுதியிருக்கிறாள், வீட்டுத் தவணைக்கு அடுத்த பெரிய தொகை அதுதான்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. லா சப்பலிலிருந்து நம்மவர்கள் வெளியேறிய பாதை எப்போதும் வடக்குத் தண்டவாளத்தோடுதான் போனது. முதலில் லா கூர்நேவ், துரான்சி, பிறகு சார்செல், வில்லியே-லெ-பெல், கூசன்வில். அங்கெல்லாம் பக்கத்து வீட்டில் தமிழ் கேட்கும், தமிழ்ப் பாடசாலை உண்டு, பிள்ளையை ஓடிப்போய் விட்டுவர ஒரு மாமி உண்டு. பீட்ரூட் வயலுக்கு நடுவில் அது இல்லை. பெறாமகளின் மூத்தவன் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வர ஒன்றரை மணிநேரம். முதல் மாதம் ஒழுங்காக வந்தார்கள். பிறகு மழை, பிறகு காய்ச்சல், பிறகு கால்பந்து. வட்டி இல்லாத கடன் எதையெல்லாம் வாங்கித் தருகிறது என்று கணக்குப் போட்ட நான், அது எதைத் தூரமாக்குகிறது என்பதையும் அவளிடம் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. "நீங்க வந்து புதன்கிழமையில படிப்பியுங்கோ பெரியப்பா, பள்ளிக்கூடம் இல்லாத நாள்தானே" என்றாள். போகிறேன். பேரனுக்கு 'ழ' வந்துவிட்டது.

அந்த ஊர்க்காரர் அவர்களை வரவேற்றதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் குறைந்தால் வகுப்பை மூடிவிடுவார்கள் என்ற பயம் கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்கு எப்போதும் உண்டு. இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வருகிறது என்றதும் மேயரே வந்து கைகொடுத்தார். அகதி விண்ணப்பத்தோடு வரிசையில் விடியற்காலை குளிரில் நின்ற என் தம்பி, அந்த மேயர் கைகொடுத்ததை ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் தொலைபேசியில் சொன்னான்.

ஊரிலும் அரசுகள் வீட்டுக்கு உதவியிருக்கின்றன. போருக்குப் பின் இந்திய வீட்டுத் திட்டத்தில் 50,000 வீடுகள் கட்டக் காசு வந்தது, வடகிழக்கில் வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா. கிளிநொச்சியில் என் அக்காவுக்கும் ஒன்று கிடைத்தது. அது கடனல்ல, நன்கொடை, கட்டடம் எழும்ப எழும்பத் தவணையாக வங்கிக் கணக்குக்கே வந்தது. ஆனால் சீமெந்தும் கம்பியும் விலை ஏறிய காலம். கூரை போட அக்கா சங்கிலியை அடைவு வைத்தார். இங்கேயிருந்து நாங்கள் சீட்டெடுத்து அனுப்பி மீட்டோம். உதவி பாதி வீட்டுக்கு வரும், மீதிப் பாதிக்கு நாம் எங்கே போகிறோம் என்பதில்தான் குடும்பங்கள் நிமிர்வதும் முறிவதும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் முன்னர் அந்த மீதிக்குக் காணியை ஒற்றி வைத்தார்கள். வட்டி கிடையாது, மீட்கும்வரை காணியின் விளைச்சல் கடன் கொடுத்தவனுக்கு. 1707இல் ஒல்லாந்தர் சட்டமாக்கிய தேசவழமையிலேயே அதற்கு இடமுண்டு. வட்டி இல்லை என்று சொல்லப்பட்ட கடனில் தலைமுறைகளாக மீட்கப்படாமல் போன தோட்டங்களை என் பாட்டனார் விரல்விட்டு எண்ணிக் காட்டியது நினைவிருக்கிறது. அதனால்தான் பிரெஞ்சு அரசின் பூச்சியத்தையும் நான் முதலில் நம்பவில்லை. ஒப்பந்தத்தைத் தமிழில் எனக்கு விளங்கப்படுத்தும்வரை பெறாமகளை நான் விடவில்லை. அதில் மறைவாக எதுவும் இல்லை. வாங்கியதை மட்டும் திருப்பிக் கட்ட வேண்டும், சின்ன வருமானக்காரர் முதல் சில வருடங்கள் அந்தப் பங்கில் எதுவுமே கட்டத் தேவையில்லை. அந்த வீட்டில் அவர்களே குடியிருக்க வேண்டும், விற்றால் மிச்சக் கடனைக் கட்டிவிட வேண்டும்.

இவ்வளவும் எழுதுவதற்குக் காரணம் ஒரு பெடியன். முப்பது வயதுக்குள், வந்து ஏழெட்டு வருடம், இப்போது கையில் பத்து வருட அட்டை இருக்கிறது. லா சப்பலில் நான் மரக்கறி வாங்கும்போது பழக்கமானவன். பாரிசில் ஓர் உணவகத்தில் சமையல். சம்பளச் சிலிப்பில் கிழமைக்கு 20 மணிநேரம், மிச்சம் கையில். முப்பது வருடத்துக்குப் பிறகும் அதே முறை, அதே குசினி, பிராங்குக்குப் பதில் யூரோ. கலியாணம் பேசியிருக்கிறார்கள், வீடு வாங்க வேண்டும் என்றான். யாரோ அவனுக்கு, சிலிப்பில் வருமானம் குறைவாக இருந்தால்தான் வட்டியில்லாக் கடன் கூடக் கிடைக்கும், அப்படியே விடு என்று சொல்லியிருக்கிறார்கள்.

பழக்கடைக்குப் பின்னால் பெட்டியொன்றின்மேல் இருந்து, பேனா எடுத்து அவனுக்கு எழுதிக் காட்டினேன். சிலிப்பில் மாதம் ஆயிரத்துக்கு உட்பட்ட சம்பளம் என்றால், 35 வீதம் என்று பார்த்தால் தவணை 350க்கு மேல் போக முடியாது. அந்தத் தவணைக்கு வங்கி தரும் முதற்கடன் எழுபதாயிரத்தைத் தொட்டாலே பெரிய விஷயம். பூச்சிய வட்டிக் கடன் அந்த முதற்கடனை விடக் கூடுதலாக இருக்க முடியாது, அதைக் கட்டத் தொடங்கும் தவணையும் அதே 350க்குள் அடங்க வேண்டும். அதோடு, வீட்டுக்கான மொத்தச் செலவை ஒன்பதால் வகுத்து வரும் தொகை வரிப் பத்திரத்தில் உள்ளதை விடக் கூடுதலாக இருந்தால், அதையே வருமானமாக எடுப்பார்கள். சிலிப்பைக் குறைத்துக் காட்டி இதில் எதையும் வெல்ல முடியாது. முழுச் சம்பளமும் சிலிப்பில் வந்தால் வரி கட்டத்தான் வேண்டும், ஆனால் வங்கிக்கு முன்னால் அவன் ஒரு முழு ஆள்.

அவன் கடதாசியை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "முதலாளி எங்கட ஆள்தான் அண்ணை, கேட்டா முகம் மாறும்" என்றான்.

கேட்கச் சொன்னேன். எழுத்தில் கேள், மறுத்தால் வேறு குசினி பார், நல்ல சமையற்காரனுக்குப் பாரிசில் ஆள் தேடித் திரிகிறார்கள் என்றேன். போன கிழமை திரும்பக் கண்டேன். கேட்டிருக்கிறான். அடுத்த மாதத்திலிருந்து 30 மணிநேரம் போடுகிறேன், மிச்சத்தை நத்தாருக்குப் பிறகு பார்ப்போம் என்று முதலாளி சொன்னாராம். மிச்ச மணிநேரத்துக்கும் அவனை விடாமல் கேட்கச் சொல்லியிருக்கிறேன். பெறாமகளின் நீலக் கோப்பைப் போல ஒன்று வாங்கி, முதல் சிட்டையை அதில் வைத்துவிட்டு எனக்குக் காட்டச் சொல்லியும் இருக்கிறேன்.